பிடிவாதத்துக்குப் பூஜ்யம்

திரையில் கோடு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. கணக்குப்படி, ஓடைச் சாலையின் நாற்பத்தொரு வீடுகளிலும் இப்போது ஆள் இல்லை.

"என்ன மார்னி, ஜீரோதானே? வாயத் தொறந்து சொல்லேன். ஹெலிகாப்டர் தலைக்கு மேல நிக்குது."

தீயணைப்புத் தலைவன் கிளின்ட் வாக்கிடாக்கியை வாயருகே பிடித்தபடி நின்றான்.

காட்டுத்தீ மலைமுகட்டைத் தாண்டிவிட்டது. அது இறங்கி வருவதற்குள் ஓடைச் சாலைக் காட்டைத் ஹெலிகாப்டரிலிருந்து தாங்களே கொளுத்திவிட்டால், தீக்கு இரை கிடைக்காமல் கீழே இருக்கும் ஊர் தப்பும். ஆறாயிரம் பேரின் வீடுகள். இன்னும் பத்து நிமிடத்தில் காற்று திரும்பிவிடும். அதன் பிறகு கொளுத்தினால் அந்தத் தீயே ஊருக்குள் போகும்.

சாலை நெடுக கேட்டுகளில் ஆரஞ்சு ரிப்பன். ஆள் வெளியேறிய வீடு என்பதற்குப் போலீஸ் கட்டும் அடையாளம். நாற்பத்தொன்றும் எண்ணியாயிற்று.

ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவள் மார்னி. அதில் என்ன இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

எந்தக் கணக்கும் அப்படித்தான். உராய்வே இல்லாத தரை, காற்றே இல்லாத வெளி. உலகத்தைக் கொஞ்சம் செதுக்கினால்தான் சமன்பாட்டுக்குள் அடங்கும். மார்னியின் கணக்கில் வாழ்பவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். போ என்றால் போய்விடுவார்கள்.

முதலில் அப்படி இல்லை. போக மாட்டேன் என்பவர்கள் இரண்டு சதவீதம் என்று வைத்திருந்தாள். அது இருந்தவரை கோடு பூஜ்யத்தைத் தொடவே இல்லை, இழுத்துக்கொண்டே போனது. வான்கூவரில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் சிரித்தார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். யாரை நினைத்துப் போட்டாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டாள். கோடு அழகாக இறங்கியது. பரிசுகூடக் கொடுத்தார்கள்.

"மார்னி!"

அவள் மேசைத் தொலைபேசியை இழுத்து, எதையும் பார்க்காமல் ஒரு எண்ணை அழுத்தினாள். சாலையின் கடைசி வீடு. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும், வயர் வைத்த பழைய போன்.

மணி அடித்தது. யாரும் எடுக்கக் கூடாது, தயவுசெய்து எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஐந்து முறை அடித்தது. ஆறு. கிளின்ட் வாக்கிடாக்கியின் பொத்தானில் கட்டைவிரலை வைத்தான்.

ஏழாவது மணியில் அப்பா எடுத்துவிட்டார். பின்னால் நாய் குரைத்தது.

"அட கழுத, உங்கப்பன் கிளம்பி ஒரு மணி நேரமாச்சு! கேட்டுல நானே ரிப்பன் கட்டிட்டுத்தான் வந்தேன். போய் வேலையப் பாரு."

மார்னி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, ஜீரோதானா என்று காத்திருந்த கிளின்ட்டிடம் ஒரு விரலைக் காட்டினாள்.