முப்பது அடி

மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெக்கானிக்கின் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். மூன்று வாரமாக அதன் திரையில் போன் படத்தின் குறுக்கே கிடந்த சிவப்புக் கோட்டைக் காணவில்லை.

அது செத்துப்போன மகளின் வாட்ச். மாடியிலிருந்து தவறி விழுந்தாள் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். அவள் போன் எங்கே என்று கேட்டதற்கு, தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் வாட்சை மெக்கானிக்கிடம் கொடுத்தார்கள். மற்றதை மூட்டையாகக் கட்டி அவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

மெக்கானிக் யார் பேச்சையும் நம்புகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்தவர். 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு' என்று சொல்லாத டிரைவரை அவர் கண்டதில்லை.

விவரம் சொன்னது மொபைல் கடைக்காரர். வாட்சுக்குத் தனிப் புத்தி கிடையாதாம், ஜோடி சேர்த்த போனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்குமாம். அந்தப் போன் ஆனில் இருந்து, முப்பது அடிக்குள் வந்தால் கோடு தானாகப் போய்விடும். வைஃபை இருந்தால் தூரத்திலிருந்தும் பிடிக்கும், ஆனால் மெக்கானிக் வீட்டில் அது கிடையாது.

அன்றிலிருந்து தினமும் சார்ஜ் போட்டுக் கட்டிக்கொண்டார், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் மாதிரி. மாப்பிள்ளையை டீ குடிக்க வரச்சொன்னதும் அதற்குத்தான்.

மனைவி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க யார் வந்தாலும் அப்படித்தான். அழுது தீர்க்கட்டும் என்று அவரும் விட்டுவிடுவார்.

"பையத் திறங்க மாப்ளே."

"என்ன மாமா, என்மேல சந்தேகமா?"

"பிரேக்கப் பாக்காம நான் எந்த வண்டியையும் வெளிய விட்டதில்ல. திறங்க."

மாப்பிள்ளை பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், குடை, அவருடைய சொந்தப் போன். சட்டைப் பை, பேண்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். டீயைத் தொடவில்லை. இனி இந்த வாசலை மிதித்தால் ஏனென்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

பைக் தெருமுனை திரும்பும்வரை மெக்கானிக் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது அடி தாண்டியது. முன்னூறு அடியும் தாண்டியது. சிவப்புக் கோடு திரும்பி வரவில்லை.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே போய், சாத்தியிருந்த கதவைத் தள்ளினார்.

மனைவி ஆஸ்பத்திரி மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டு ஈரமில்லை. துணிகளுக்கு நடுவே மகளின் போன், சார்ஜர் ஒயரோடு, திரை எரிந்தபடி கிடந்தது. மூன்று வாரமாக அணைத்து வைத்திருந்ததை இன்றுதான் ஆன் செய்திருக்கிறாள்.

இதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்.

அவள் ஒயரைக் கழற்றி, போனை அவர் கையில் வைத்தாள்.

"'வந்து கூட்டிட்டுப் போம்மா'ன்னு அவ கேட்டதுக்கு, 'பொறுத்துப் போடி'ன்னு நான் வாய்ஸ்ல பேசி அனுப்பினது இதுலதான் இருக்கு."