குறுக்கே நின்ற பலகைகள்

பனிமலைச் சரிவில் இறங்கும்போது இடது சறுக்குப் பலகை வலது பலகையின் மேல் ஏறிவிட்டது. இரண்டையும் காலில் மாட்டியிருந்த பெண் உருண்டு விழுந்தாள். பலகைகள் கழன்று ஓடின. அவளால் எழ முடியவில்லை.

"உன்னாலதான்! குறுக்க வராதேன்னு எத்தனை தடவ சொன்னேன்?" என்று கத்தியது வலது.

பின்னால் வந்த ஒருவர் அவற்றை எடுத்து, அவளுக்குச் சற்று மேலே, கீழே ஆள் விழுந்து கிடப்பதற்கு அடையாளமாக ஒன்றின் குறுக்கே ஒன்றாகப் பனியில் நட்டுவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடப் போனார்.

மேலிருந்து ஒரு கூட்டம் பாய்ந்து வந்தது. குறுக்காக நின்ற பலகைகளைப் பார்த்ததும் எல்லோரும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார்கள்.

காற்று பலமாக அடித்தது. "இனிமே உன்மேல படவே மாட்டேன்" என்று இடது விலகப் பார்த்தது.

"இப்ப விலகாதே" என்றது வலது. "நல்லா என்மேல சாஞ்சுக்கோ. அவளத் தூக்க இன்னும் ஆள் வரல."