அப்பாவுக்குச் சமையல் வராது

"உப்பு போட்டாச்சா? இல்ல, அதுக்கும் நானே எழுந்து வரணுமா?"

சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜலஜா. உள்ளே அடுப்பு முன்னால் நின்ற அவள் கணவர் வைத்தி, "போட்டுட்டேன்னுதான் நினைக்கறேன்" என்றார்.

மகள் மேதா அன்று காலைதான் பெங்களூரிலிருந்து டெல்லி மயூர் விஹார் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆபீஸ் போன நாளில் ஒரு டம்ளரைக்கூட அலம்பியறியாத அப்பா, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"கீழே கேட்டுல ராமசுப்ரமணியன் மாமாவைப் பாத்தேன். தீபாவளிலேர்ந்து அப்பா செஸ் ஆட வரதே இல்லையாம். ஏம்மா, அவருக்குன்னு இருக்கறது அந்த ஒரு செஸ்தானே?"

"இத்தனை வருஷம் நான் நின்னேன். இனிமே அவர் நிக்கட்டும். எனக்கும் ரிட்டயர்மென்ட் வேண்டாமா?" ஜலஜா சிரிக்காமல் சொன்னாள்.

வைத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கீழே போன காய்கறி வண்டிக்காரனிடம் "பையா, ஏக் மினிட்!" என்று இந்தியில் குரல் கொடுத்தார். கை மட்டும் பீன்ஸைச் சரசரவென்று ஒரே சீராக நறுக்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சாம்பாரை ஒரு வாய் வைத்த மேதா, அப்படியே தண்ணீரை எடுத்துக் குடித்தாள். உப்பு கரித்தது.

"தினம் சொல்லித்தரேன். ஒரு சாம்பார் வரலை!" ஜலஜாவின் குரல் உடைந்தது. "நாளைக்கு நீங்க என்னதான் பண்ணப் போறேள்?" சாதத்தைத் தொடாமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

மேதா கோபமாகப் பின்னாலேயே போனாள். "அம்மா, இது ரொம்ப ஓவர். இந்த வயசுல அவரைப் போய்…"

"கதவைச் சாத்துடி."

சாத்தினாள்.

"எனக்கு ஈரல்ல வந்திருக்கு. பரவிடுத்தாம். கோடை வரைக்கும் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மேதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்கு ஒரு காபி கலந்துக்கத் தெரியாது. வெளிச் சாப்பாடு அவர் வயித்துக்கு ஒத்துக்காது. உங்கிட்ட பெங்களூருக்கும் வர மாட்டார். நான் போறதுக்குள்ள ஒரு குழம்பு, ஒரு ரசமாவது கத்துக்கட்டும்னுதான் இந்தப் பாடு படுத்தறேன்." ஜலஜா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு எதுவும் தெரியாது. சொல்லிடாதே. இடிஞ்சு போயிடுவார்."

ரொம்ப நேரம் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் மேதா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அம்மா ஒன்றும் சாப்பிடவில்லையே என்று அப்பா புதிதாக ரசம் வைத்துக்கொண்டிருந்தார். வாசனை தூக்கியது. கரண்டியில் கொஞ்சம் எடுத்துக் கையில் விட்டு ருசி பார்த்தாள்.

அம்மா வைக்கும் அதே ரசம்.

"அப்பா! நீயா பண்ணினே? இவ்வளவு நன்னா!"

வைத்தி மேடையில் மீதியிருந்த கெட்டிப் புளிக்கரைசலை எடுத்து, அப்படியே ரசத்தில் கவிழ்த்தார்.

"ஐயோ, ஏம்பா கெடுக்கறே?" மேதா அவர் கையைப் பிடித்தாள். "அம்மா பாவம்பா. அம்மாவுக்கு…" சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் வைத்தி, தணிந்த குரலில். "ஆஸ்பத்திரிக்கு உங்கம்மா மெட்ரோல லேடீஸ் கோச்சுல போவா. பின்னாடியே அடுத்த கோச்சுல நான் போவேன். அவ டாக்டரைப் பாத்துட்டு வெளில வந்தப்புறம், நான் உள்ள போவேன்."

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "நுரை கட்டினதும் இறக்கிடுங்கோ! கொதிக்க விட்டுடாதேங்கோ!"

"சரி, சரி!" என்று பதிலுக்குக் கத்தினார் வைத்தி.

மேதாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "அப்போ சமையல் வந்துடுத்துன்னு அம்மாகிட்ட சொல்லிடேம்பா. நிம்மதியா இருப்பா."

வைத்தி அடுப்பைப் பெரிதாக்கினார். ரசம் தளதளவென்று கொதித்துப் பொங்கி, மேடையெல்லாம் வழிந்தது.

"நான் கத்துண்டுட்டேன்னு தெரிஞ்சா, அவ கிளம்பிடுவாடி."