மார்லிஸ் செய்த தப்புகள்

மார்லிஸ் மறுபடியும் தப்பு செய்துவிட்டாள்.

கர்ட்டிஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. மேக் கம்ப்யூட்டரில் மூலையில் இருக்கும் சிவப்புப் பொட்டை அமுக்கினால் ஜன்னல் மட்டும்தான் மூடும். மென்பொருள் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருஷக்கணக்காக மேக்கிலேயே குடியிருக்கிறவள், பொட்டை அமுக்கிவிட்டு, "அவ்வளவுதான், மூடியாச்சு" என்கிறாள். உடனே, "அட, இன்னும் ஓடிட்டிருக்கே! எங்கே கோட்டை விட்டேன்?" என்று தேடுகிறாள்.

போன வாரம், இறக்கிய மென்பொருளை அதற்குரிய ஃபோல்டரில் எடுத்து வைக்காமலே திறந்துவிட்டு, அப்புறம் அதைக் காணோம் என்று துழாவினாள்.

கர்ட்டிஸ் வீடியோவில் இந்த வாரத் தப்பையும் வெட்டினான். முன்னையும் பின்னையும் ஒட்டினான். தப்பு நடந்த சுவடே இல்லை.

ஆப்பிள் கம்ப்யூட்டருக்குப் புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும், திரையில் அதை இயக்கிக்காட்டி, பேசிக்கொண்டே சொல்லித்தருகிற வீடியோ. அமெரிக்காவில் டுலூத் நகரத்தில் இவர்கள் வீட்டு மாடியிலிருந்து வாரம் ஒன்று வெளியே போகும். பேசுவது மார்லிஸ். வெட்டி ஒட்டுவது அவள் கணவன் கர்ட்டிஸ். தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காது என்று, முடிந்த வீடியோவை அவள் பார்ப்பதே இல்லை. அதுவும் இப்போது நல்லதாகத்தான் போயிற்று.

புதுச் சரக்கு வந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பவன் கர்ட்டிஸ்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேஜையில். பக்கத்தில் மார்லிஸ் காபியோடு உட்கார்ந்திருப்பாள்.

"இதெல்லாம் ஒரு மென்பொருளா? செஞ்சவனை நிக்க வெச்சுக் கேக்கணும்!" என்று அவன் கத்துவான். அவள் சிரித்துக்கொண்டே அவனுக்கும் காபி ஊற்றுவாள். அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருப்பாள். மைக்கின் முன்னால் உட்கார்ந்தால்தான் தடுமாற்றம்.

முன்பு எப்போதோ ஒரு தப்பு வரும், அப்படியே விட்டுவிடுவான். ரெண்டு மாசத்துக்கு முன்னால் மேக்குக்குப் புது சிஸ்டம் வந்ததிலிருந்து வாரா வாரம் வருகிறது.

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். கடைசியில் மார்லிஸையே பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள்.

கர்ட்டிஸ் வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். மார்லிஸிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம், கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷை அவள் அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஆர்வில் போன் செய்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முதல் வீடியோவிலிருந்து பார்க்கிறவர். மார்லிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன மார்லிஸ், எங்க மேல எதாவது கோவமா?"

"ஐயோ, ஏன் ஆர்வில்?"

"முன்னல்லாம் நீ நடுவுல ஒரு இடத்துல தடுக்கி விழுவே. நானும் கரெக்டா அங்கேதான் விழுந்து கிடப்பேன். நீ எழுந்திருக்கறதைப் பார்த்து நானும் எழுந்துக்குவேன். இப்ப ரெண்டு மாசமா நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்கே. நான் விழுந்த இடத்துலயே கிடக்கேன்."

"போன வாரம்கூட விழுந்தேனே!"

"எங்கே விழுந்தே? ரயில் மாதிரி போனே. இனிமே இதெல்லாம் என் மண்டைக்கு ஏறாது. கம்ப்யூட்டரைப் பேத்திகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

"குடுத்துடாதீங்க. நாளைக்கு நானே கூப்பிடறேன்."

கர்ட்டிஸ் ஹாட்டிஷையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் மாடிக்குப் போனாள். போன வார வீடியோவைப் போட்டு, தன் குரலை முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள். இறங்கி வந்தாள்.

"என் தப்பெல்லாம் எங்கே?"

கர்ட்டிஸ் தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை நாளா வெட்டறே?"

"ரெண்டு மாசமா."

"யாரைக் கேட்டு?"

"ஊரு உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான்..." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எனக்குப் பயமா இருக்கு மார்லிஸ். உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நானும் கூட வர்றேன். என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அட லூசு மனுஷா! அதெல்லாம் நான் வேணும்னே பண்றது."

"வேணும்னேவா?"

"சொல்லிக்குடுக்கறவளே தடுக்கி விழுந்தா, பாக்கறவங்களுக்கு 'நாம மட்டும் மக்கு இல்லை'ன்னு ஒரு தெம்பு வரும். ஆர்வில் சொன்னதைக் கேட்டே இல்ல?"

கர்ட்டிஸுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய வாயும் கூடவே வந்துவிட்டது.

"சரி, வேணும்னேதான் பண்ணே. அதுக்காக இவ்வளவு அசட்டுத்தனமாவா? சிவப்புப் பொட்டை அமுக்கிட்டு 'மூடியாச்சு'ன்னா, மூளை சரியா இருக்கற எவனுக்காவது அப்படித் தோணுமா? எப்படித்தான் யோசிச்சியோ!"

மார்லிஸ் அவன் தட்டில் ஹாட்டிஷை வைத்தாள்.

"நான் எங்கே யோசிச்சேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ பண்றதைப் பார்த்து, அதையேதான் அப்படியே பண்றேன்."

அவன் கரண்டி பாதியில் நின்றது.

"அந்த டாக்டர் நேரத்தை மட்டும் ரத்து பண்ணிடாதே கர்ட்டிஸ். நானும் கூட வர்றேன்."