கலைவேந்தன் நின்ற இடம்

கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்களை ஒரே சொடுக்கில் எல்லாப் படங்களிலும் சேர்த்துவிடுவது தமயந்தியின் ஸ்டூடியோ வழக்கம். ஆல்பத்தில் எல்லாரும் இருந்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மணப்பெண்ணின் அம்மா அஞ்சலாட்சி மட்டும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தாள்.

"எம் மவன எல்லாப் படத்துலேருந்தும் எடுத்துடும்மா."

படத்தில், பட்டு வேட்டி கட்டி அம்மா பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான் மகன் கலைவேந்தன். தமயந்திக்கே அந்த வேலையில் கொஞ்சம் பெருமை உண்டு.

"அச்சு அசலா வந்திருக்காரேம்மா! வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டையா? அவன் மீட்புப் படகு ஓட்டுறவன். கல்யாணத்தன்னைக்கு வெள்ளத்துல எறங்கி, கூரை மேல தவிச்ச சனத்தையெல்லாம் கரை சேத்தான். இங்க பட்டு வேட்டி கட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்னா, அதுங்கள யாரும்மா தூக்குனது?"

தமயந்தி அவனை நீக்கினாள். உடனே கணினி, இடைவெளி தெரியாதபடி எல்லாரையும் நெருக்கி நிறுத்தியது.

"நெருக்காத. அன்னைக்கு மேடையிலயே அவனுக்கு எடம் விட்டுத்தான் நின்னேன்," என்றாள் அஞ்சலாட்சி. "ஏன் காலியா இருக்குன்னு எவனாவது கேக்கட்டும். நான் சொல்றேன்."