மாலைப் பீரங்கி

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து; 1907-ஆம் ஆண்டுப் பந்தயங்களில் அதுதான் கடைசி ஆட்டம். இரு அணிகளும் சமநிலை. சூரியன் ஆற்றுக்கு அப்பால் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராணுவக் கல்லூரி அணியின் பயிற்சியாளர் லெப்டினன்ட் கெண்ட்ரிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. சூரியன் மறைந்ததும் கொடியிறக்கும் பீரங்கி வெடித்தால், கொடி இறங்கி முடியும்வரை கல்லூரிப் பையன்கள் எங்கே இருந்தாலும் விறைத்து நிற்க வேண்டும்.

"இன்னைக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடலாமா சார்?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"சூரியனைத் தள்ளிப் போட்டுட்டு வாய்யா, பார்க்கலாம்," என்றார் பக்கத்தில் நின்ற கல்லூரித் தலைவர் கர்னல்.

அந்த நேரம் பார்த்து கெண்ட்ரிக்கின் அணியைச் சேர்ந்த லோமாக்ஸ் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். பீரங்கி வெடித்தது. கெண்ட்ரிக்கின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. அவருடைய அணியில் பத்துப் பேர் கம்பம் போல நின்றார்கள். திகைத்துப்போய் எதிரணியும் நின்றது. லோமாக்ஸ் மட்டும் நிற்காமல் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். கொடி இறங்கி முடியும்வரை ஒரு கைதட்டல் இல்லை.

முடிந்ததும் கெண்ட்ரிக் ஓடினார். "லோமாக்ஸ், ஏண்டா நிக்கல?"

அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் திரும்பி, அவருடைய உதடுகளையே பார்த்தான். போன மாத ஆட்டத்தில் காதோரம் உதை வாங்கியதிலிருந்து அவன் எல்லோரையும் இப்படித்தான் பார்க்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பீரங்கி போட்டாச்சா சார்?" என்றான் மெதுவாக. "டாக்டருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார்."

கர்னல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னய்யா, இவனுக்குக் காது செவிடா?"

கெண்ட்ரிக் முகத்தை லோமாக்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது சார். திமிரு. தண்டனையா, மொத்தம் இருபது மணி நேரம் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நடக்க விடுங்க."