பனிச்சுவர், ஆறு நொடி

"ஒரு கடிதம் வந்திருக்கு," என்று குழுத்தலைவர் ஆளுக்கொரு தாளைத் தள்ளினார்.

கூட்ட அறையில் ஆறு பேர். அவனும் அவன் மனைவியும் வழக்கம்போல அடுத்தடுத்த நாற்காலிகளில்.

அவர்கள் நிறுவனம் செய்த கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் நான்கு பேர் கொண்ட படை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு குகைகளுக்குள் போக வேண்டும். வாள்வீரன், மந்திரக்காரி, வைத்தியர், வில்லாளி என்று யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வாள்வீரனை உருவாக்கியவன் அவன். மந்திரக்காரி அவளுடையது. இரண்டுமே மூன்று வருட உழைப்பு.

விளையாட்டு வெளிவந்த முதல் மாதமே நிலவரம் தெரிந்துவிட்டது. பத்துப் படைகளில் எட்டில் இரண்டிரண்டு மந்திரக்காரிகள். வாள்வீரன் ஒன்றே ஒன்றில் இருந்தான்.

விளம்பரத்தில் மந்திரக்காரி. வரவேற்பறைச் சுவரில் மந்திரக்காரி. அவனுடைய சொந்த அண்ணன் மகளே பிறந்தநாளுக்கு மந்திரக்காரி அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, "சித்தி, நல்லா இருக்கா?" என்று அவன் மனைவியைத்தான் போய்க் கட்டிக்கொண்டாள்.

மனைவியிடம் ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றும். வாய்வரை வரும். பிறகு மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிடும்.

கடிதம் 'கரும்பூனை' என்ற பெயரில் மின்னஞ்சலாக வந்திருந்தது. குழுத்தலைவர் சத்தமாகப் படித்தார். மற்றவர்கள் தாளைப் பார்த்தார்கள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

'மந்திரக்காரியின் பனிச்சுவர் எதிரியை ஆறு நொடி உறைய வைக்கிறது. நான்காவது நொடியிலேயே அடுத்த சுவரை எழுப்பிவிடலாம். எதிரி அசையவே போவதில்லை என்றால் அடியைத் தாங்க வாள்வீரன் எதற்கு? மூட்டை தூக்கவா? ஆறை மூன்றாக்குங்கள்.'

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"நியாயமாத்தான் படுது. குறைச்சிடலாமா?" என்று குழுத்தலைவர் அவளைக் கேட்டார்.

அவள் முகம் வாடும் என்று அவன் காத்திருந்தான்.

அவள் தாளைத் திருப்பி, யாரும் படிக்காத பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது குகையில் தண்ணீரைத் தாண்டியதும் மந்திரக்காரி அங்கியின் ஓரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள் என்று அங்கே ஒரு வரி. புகாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சின்ன அசைவுக்காக அவள் நான்கு நாள் உட்கார்ந்து வேலை செய்திருந்தாள். இதுவரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"மூணாக்கிடலாம்," என்றாள். குரலில் வருத்தமே இல்லை.

இருக்கைக்குத் திரும்பியதும் அவள் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தாள். "இவ்வளவு உன்னிப்பா யாரும் பாத்ததில்லைங்க."

"குறை சொல்ல வந்த ஆளு."

"இருக்கட்டுமே. நீங்க ஒரு தடவையாவது அவளை எடுத்து விளையாடியிருக்கீங்களா?"

"நேரம் எங்க இருக்கு?"

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். கரும்பூனைக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள். காதோரம் லேசாகச் சிவந்திருந்தது.

அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பத்துப் படைகளில் ஒன்பது வாள்வீரனை ஒதுக்கியபோதுகூட அவன் வயிறு இப்படி எரிந்ததில்லை.

முகம்கூடத் தெரியாத ஒருவனுக்காக அவளுக்கு இவ்வளவு சிரிப்பா?

அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அவன் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தான். 'கரும்பூனை, உங்களுக்கு ஒரு செய்தி' என்றிருந்தது. அவள் திரும்புவதற்குள் அதைத் தொடைமேல் கவிழ்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.